மறதி மந்திரத்துக்கு ஒரு மனு

என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்பத்தூர்ப் பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களாக இருந்தால் நான் சொல்லும் கோடை உங்களுக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும். மூன்று மணிக்கு முதல் ஷிப்டு விடும் சங்கு, குழாயில் தண்ணீருக்கு முன்னால் வரும் வெறும் காற்றின் சீறல், மொட்டை மாடித் தளம் காலைச் சுடும் சூடு. அந்தக் கோடையில் நான் ஒரு தவறு செய்தேன். சின்ன வயசு, விளையாட்டு என்று சொல்லி இத்தனை வருடம் அதை ஓரமாக வைத்திருந்தேன். இப்போது வைக்க முடியவில்லை.

காரணம் என் மகன் வீடு. முகப்பேரில் அவனுடைய ஃபிளாட்டில்தான் இப்போது இருக்கிறேன். சனிக்கிழமை மதியங்களில் அவன் ஆபீஸ் நண்பர்கள் நாலைந்து பேர் வந்து சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். அதில் ஜெயிப்பது தோற்பது கிடையாது, எல்லாம் பேச்சுதான். ஒருவர் வீரன், ஒருவர் திருடன், ஒருவர் மந்திரவாதி. நடுவராக இருப்பவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார்: எதிரே ஒரு கிணறு, உள்ளே ஏதோ அசைகிறது, என்ன செய்கிறீர்கள்? அவரவர் தாங்கள் செய்வதைச் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மகனின் கூட்டத்தில் நடுவர் ஒரு பெண். யாராவது ஒரு மந்திரத்தை யாரும் நினைக்காத வழியில் போடக் கேட்டால் அவள் மேசையைத் தட்டிச் சிரிப்பாள். "செம. நடந்துச்சுன்னே வச்சுக்கோ" என்பாள். முதல் முறை அதைக் கேட்டபோது கையிலிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதே விளையாட்டை அவன் பிறப்பதற்குப் பல வருடங்கள் முன்பே நான் ஆடியிருக்கிறேன் என்று மகனுக்குத் தெரியாது. நான்தான் நடுவர்.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் என் நண்பனின் மாமா. கப்பலில் வேலை. வரும்போதெல்லாம் சோப்பு, டேப் ரிக்கார்டர், நைலான் புடவை என்று கொண்டுவருவார். அந்த முறை அக்கா மகனுக்கு என்று ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் படத்தைப் பார்த்து ஒரு பெட்டி வாங்கி வந்தார். மூடியில் ஒரு பறக்கும் பாம்பு. திறந்தால் புதுச் செருப்பு வாசனை. உள்ளே ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம், ஆறு முகத்துக்கு மேலும் முகங்கள் கொண்ட நீலப் பகடைகள். அன்றிலிருந்து அந்த நண்பனுக்குக் குடியிருப்பில் பெட்டிக்காரன் என்றே பெயர்.

பகடைகள் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மட்டமான பிளாஸ்டிக், சிமெண்டுத் தரையில் உருண்டு உருண்டு முனைகள் தேய்ந்து கோலிக்குண்டாகிவிட்டன. பிறகு பஸ் டிக்கெட்டுகளை வைத்து ஆடினோம். ஒரு பால்மாவு டப்பா நிறைய டிக்கெட். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, அதன் வரிசை எண்ணில் கடைசி இலக்கம் என்னவோ அதுதான் விழுந்த எண். இன்றும் எனக்குப் பழைய டிக்கெட் ஏதாவது கையில் கிடைத்தால் கண் கடைசி இலக்கத்துக்குத்தான் போகும்.

நாங்கள் நாலு பேர். நான், பெட்டிக்காரன், அவனுடைய அக்கா, குடியிருப்பு வாசலில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகன். அவர்கள் மூவரும் தமிழ் மீடியம். நான் ஒருவன் கான்வென்டில் ஆங்கிலத்தில் படித்தேன். ஆகவே புத்தகத்தைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. படித்துச் சொல்பவனே நடுவர் என்று ஆகிவிட்டது. பதினான்கு வயது எனக்கு. மந்திரங்களை எல்லாம் ஒரு நீள நோட்டில் தமிழில் எழுதிவைத்தேன். ஒளி மந்திரம், உறக்க மந்திரம், பொருள் சுமக்கும் மிதக்கும் தாம்பாளம், எதிராளி கடைசியாகப் பார்த்ததை மறக்கச் செய்யும் மறதி மந்திரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பயன்.

நோட்டில் எழுதியிருக்கும் பயனுக்கே யார் மந்திரத்தைப் போட்டார்கள்? முதல் வாரத்திலேயே ஆளாளுக்கு யோசனை. கத்தல். அப்போதுதான் நான் மனு முறையைக் கொண்டுவந்தேன். என் அப்பா தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் சாப்பிடும்போதுகூட மனு, உத்தரவு, கோப்பு என்றுதான் பேச்சு. நோட்டில் இல்லாத விதத்தில் மந்திரம் போட விரும்புகிறவர் எழுத்து மூலம் நடுவருக்கு மனு கொடுக்க வேண்டும். பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு. கீழே என் உத்தரவுக்கு நாலு விரல் இடம் விட வேண்டும். சைக்கிள் கடைக்காரர் மகன் பழைய டியூபை வெட்டி மரத்துண்டில் ஒட்டி இரண்டு முத்திரைகள் செய்து கொடுத்தான். ஒன்று வட்டம், அனுமதி. ஒன்று பெருக்கல் குறி, நிராகரிப்பு. சிவப்பு மையில் தொட்டுக் குத்துவேன். அந்த ரப்பர் காகிதத்தில் ஒட்டிப் பிரியும்போது வரும் சத்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வட்டம் குத்திய ஒரே மனு அந்த முத்திரையைச் செய்தவனுடையது. ஆழமான குழி; உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

"ஒளி மந்திரத்த தவள மேல போடறேன்" என்று மனுவை நீட்டினான்.

"தவளை மேலயா?"

"ஆமா மாமே. தவளய உள்ள உட்டா அது குதிச்சிகினு போவும். கூடவே வெளிச்சமும் குதிச்சிகினு போவும். மூலை முடுக்கு எல்லாம் நமக்குத் தெரியும். நான் ஏன் எறங்கணும்?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். நானும் சிரித்துக்கொண்டே வட்டத்தைக் குத்தினேன். நோட்டில் ஒளி மந்திரத்துக்கு எதிரே 'கல், கம்பு முதலியவற்றின் மீது' என்றுதான் இருந்தது.

அடுத்த வாரம் அக்கா. கோட்டை வாசலில் மேலேயிருந்து கொதிக்கும் எண்ணெயை ஊற்றுகிறார்கள். அக்கா மிதக்கும் தாம்பாளத்தைத் தலைக்கு மேலே நிறுத்த மனு கொடுத்தாள். எண்ணெய் அதில் விழும், நிறைந்ததும் அதை அப்படியே காவலர்கள் பக்கம் நகர்த்திக் கவிழ்க்கலாம். நான் அந்த எண்ணெயை யோசித்து வைக்க இரண்டு நாள் ஆகியிருந்தது. அவளுக்கு ஒரு நிமிடம்.

பெருக்கலைக் குத்தினேன். "தாம்பாளம் சாமான் தூக்கத்தான் அக்கா. குடை இல்ல."

"எண்ணெய் சாமான் இல்லையாடா? உங்க வீட்ல ரேஷன் சாமான்ல எண்ணெய் வாங்குறதில்லையா?"

"புத்தகத்துல இல்ல."

"தவளை இருந்துச்சா?"

சைக்கிள் கடைக்காரர் மகன் வட்ட முத்திரையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது புத்தம் புதுசாவே கீது. நான் வேஸ்ட்டா வெட்டிக் குட்த்துட்டேன் போல" என்றான்.

அக்கா சிரித்துக்கொண்டே மனுவை மடித்து வைத்துக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான். நிராகரித்த மனுக்களை எல்லாம் அவள் ஒரு நூலில் கட்டிச் சேர்த்து வைத்திருந்தாள். அந்தக் கோடையில் அவளுடையவை மட்டும் பதினொன்று. எண்ணிக்கை எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொன்றும் என் கதையைவிட நன்றாக இருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களைவிட இரண்டு வயது மூத்தவள். அந்த வருடம் பத்தாவது முடித்திருந்தாள், வகுப்பில் முதல். ப்ளஸ் ஒன் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் பத்தோடு சரி. மேலே படிக்க ஆவடிக்கு பஸ்ஸில் போக வேண்டும். அவளுடைய அப்பா தொழிற்சாலையில் ஃபோர்மேன். சட்டையில் எப்போதும் கட்டிங் ஆயில் வாசனை. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லியிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தபோது, அவர்கள் எதிரில், "பத்து போதும். மேல அனுப்புறதா இல்ல" என்று சொல்லிவிட்டார். ஒருவேளை அந்தப் பேச்சை முடிப்பதற்காகச் சொல்லியிருக்கலாம். சொல்லியாகிவிட்டது. அவள் வாங்கி வந்து பூர்த்தி செய்த விண்ணப்பம் அவர் கையெழுத்துக்காக ரேடியோவின் மேல் துணிக்கு அடியில் கிடந்தது. சேரக் கடைசி நாள் ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை.

அதற்கு முந்தின வாரம் அவர் என் அப்பாவிடம், "ஆவடிக்கு நேரா போற பஸ் எது சார், காலையில எட்டு மணிக்குள்ள?" என்று கேட்டதை நான் கேட்டேன். அப்போது அதில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. சொன்ன சொல்லிலிருந்து திரும்பிவர அவர் ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் எங்கள் கதையில் ஒரு வாயிற்காவலன் வந்தான். பெரிய இரும்புக் கதவு. அதற்கு முன்னால் ஒரு கிழட்டு வீரன். ஒருமுறை 'முடியாது' என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்றாதவன். அவனை அடித்து ஜெயிக்க முடியாதபடி அமைத்திருந்தேன். பெட்டிக்காரன் சண்டை போட்டுத் தோற்றான். சைக்கிள் கடைக்காரர் மகன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பார்க்கிறேன் என்றான். அக்கா மட்டும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து எழுதினாள். அந்த மனு என்னிடம் இல்லை. ஆனால் அதை மறக்க முடியவில்லை. ஏறக்குறைய இப்படி இருந்தது.

'பெறுநர்: நடுவர் அவர்கள். பொருள்: முடியாது என்று சொன்னவர், அப்படிச் சொன்னதை மறப்பதற்கு மந்திரம் போட அனுமதி கோருதல். ஐயா, வாசலில் நிற்பவர் கெட்டவர் அல்லர். ஒருமுறை சொல்லிவிட்ட காரணத்தால் மாற்ற முடியாமல் நிற்கிறார். அவருக்கும் கால் வலிக்கும். கதவையோ எங்களையோ அவர் மறக்க வேண்டாம். தாம் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் மறந்தால் போதும். பிறகு நான் மறுபடியும் முதலிலிருந்து கேட்பேன். அப்போது அவர் யோசித்து, தாமாகவே பதில் சொல்லலாம். அந்தப் பதில் எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். இப்படிக்கு.'

நான் படித்தேன். எனக்குப் புரிந்தது என்பதை இங்கே எழுத வேண்டும். பதினான்கு வயதுக்குப் புரியாது என்று நீங்கள் எனக்காகச் சொல்ல வேண்டாம். புரிந்தது, அதனால்தான் வேகமாகப் பெருக்கலைக் குத்தினேன். கீழே எழுதினேன்: 'மறதி மந்திரம் பார்த்ததை மறக்கத்தான். சொன்னதை மறக்க அல்ல. புத்தகத்தில் இல்லை.'

"சரிடா" என்றாள். மடித்து எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. அக்காவின் அம்மா ரேஷன் கார்டு தேடி அலமாரியைக் கிளறும்போது நூலில் கட்டிய மனுக்கட்டு கிடைத்திருக்கிறது. மேலே இருந்தது அந்த மனு. அந்த அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மறப்பதற்கு, மந்திரம், சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அந்த வாரத்தில் அவர் வீட்டுக்காரர் இரண்டு நாள் டிபன் பாக்ஸைத் தொழிற்சாலையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். ஒரு நாள் குடையையும். அந்த அம்மா இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். மகள் யாரிடமோ போய் அப்பாவுக்கு ஏதோ செய்துவிட்டாள் என்று அவர் அழுத அழுகை மூன்றாவது மாடி வரை கேட்டது.

மூன்று மணிச் சங்குக்குப் பிறகு எனக்கு ஆள் வந்தது. பெட்டிக்காரன்தான் வந்தான். "அப்பா கூப்பிடுறார். புத்தகத்தோட" என்றான். புத்தகம் அந்த வாரம் என்னிடம் இருந்தது.

கூடத்தில் அக்காவின் அப்பா வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் மனு. அம்மா ஈரக் கண்களோடு சுவரோரம். அக்கா சமையலறை வாசலில். ஜன்னல் கம்பிக்கு வெளியே சைக்கிள் கடைக்காரர் மகனின் தலை.

"பயப்படாத தம்பி" என்றார். "இவ சொல்ற மாதிரி மந்திரம் மாயம்னு நான் நினைக்கலை. டிபன் பாக்ஸ் மறக்குறது எனக்குப் பழக்கம்தான். ஆனா இது என்னன்னு எனக்குத் தெரியணும். நீ இங்கிலீஷ் மீடியம். நீதானே படிச்சு இவங்களுக்குச் சொல்றது?"

"ஆமா அங்கிள்."

"இதுல எழுதியிருக்கே, சொன்னதை மறக்க வைக்கிறது. இது அந்தப் புத்தகத்துல இருக்கா?"

நான் புத்தகத்தைத் திறந்தேன். திறந்த இடத்தில் அந்தப் பக்கம் வந்தது. அதைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெட்டி வந்த முதல் நாளே அதைப் படித்தேன். நடுவருக்கு என்று தனியாக எழுதிய பக்கம். ஆடுகிறவர்கள் யோசிக்கக்கூடியதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்க முடியாது, புத்தகம் பேசாத இடத்தில் நடுவர் காதுகொடுத்துக் கேட்டு, தாராளமாகத் தானே முடிவு செய்ய வேண்டும், நல்ல யோசனைக்கு இடம் கொடுப்பதே இந்த விளையாட்டு என்று அதில் இருந்தது. நீள நோட்டில் நான் தமிழாக்காமல் விட்ட ஒரே பக்கம் அதுதான். அதை எழுதியிருந்தால் ஒவ்வொரு பெருக்கல் குறியும் என்னுடையதாகிவிடும். 'ஏன்டா?' என்று என்னைக் கேட்பார்கள். புத்தகத்தில் இல்லை என்று சொன்னால் யாரும் என்னைக் கேட்க முடியாது.

இருக்கிறது அங்கிள், இப்படி யோசிக்கச் சொல்லித்தான் புத்தகமே இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. வெறுமனே 'இருக்கு' என்றிருந்தால்கூட முடிந்திருக்கும். ஆனால் அவர் கையிலிருந்த தாளின் அடியில் என் சிவப்புக் கையெழுத்து இருந்தது. அதில் நான் இல்லை என்று எழுதியிருந்தேன். அதை மாற்ற வேண்டியிருக்குமே என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

"இல்ல அங்கிள்" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"முழுசும் படிச்சிருக்கேன். இல்ல."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது இவளா எழுதினது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடிபட்டவர் மாதிரி சொன்னார். தன்னைப் பற்றி வீட்டுக்குள் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், அதை ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் படித்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என் தோளைத் தட்டி, "பொய் சொல்லத் தெரியாத பையன்" என்று தன் மனைவியிடம் சொன்னார். எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். அந்த மோரை அக்காதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

படிக்கட்டில் சைக்கிள் கடைக்காரர் மகன் நின்றிருந்தான்.

"இன்னாடா பண்ணிட்டு வந்துகீற?"

"புத்தகத்துல இல்லடா. இல்லாததை எப்படி…"

"புத்தகம் கெடக்குது. அக்கா அங்க நிக்குது, கண்ணு தெரியல உனக்கு? 'ஆமா கீது'ன்னு ஒரு வார்த்த. சொன்னா வாயில கொப்புளம் வந்துருமா?"

"எனக்குத் தெரியாதுடா…"

"தவளைக்கு மட்டும் தெரிஞ்சுதா" என்றான். அதன் பிறகு அவன் என்னோடு ஆட வரவில்லை. ஆட்டமும் இல்லை.

புதன், வியாழன். இரண்டு நாளும் எப்படியாவது அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிவிட வேண்டும் என்று கிளம்பினேன். இரண்டாவது மாடி வரை போவேன். உள்ளே ரேடியோவில் செய்தி கேட்கும். திரும்பிவிடுவேன். வெள்ளிக்கிழமை அவர் முதல் ஷிப்டு முடிந்து வந்து, தூங்கி எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வெளியே போனதை மாடியிலிருந்து பார்த்தேன். அதற்குள் ஆவடிப் பள்ளியில் அலுவலகத்தை மூடியிருப்பார்கள். ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம், பூந்தமல்லிப் பக்கம். மாப்பிள்ளை நல்லவர். கல்யாணத்தில் பந்தியில் தண்ணீர் ஊற்றினேன்.

நான் பொறியியல் படித்தேன், பெரிய வேலைகளில் இருந்தேன், ஓய்வுபெற்றேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த வருடம் பள்ளியில் சேர்ந்திருந்தால் அவள் என்னவாகியிருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் தகுதிகூட எனக்கு இல்லை.

போன தை மாதம் பெட்டிக்காரனின் மகள் கல்யாணம் பருத்திப்பட்டில், ஏரிக்கரையை ஒட்டிய மண்டபத்தில். மகனின் மேசையில் அந்தப் பெண் சிரித்ததைக் கேட்ட பிறகு நான் ஒரு முடிவோடு இருந்தேன். அக்காவைத் தேடிப்போய்ப் பந்தியில் அவளுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். அறுபதைத் தாண்டிவிட்டாள். தடித்த கண்ணாடி, முழங்கால் வலி. "வாடா" என்றாள்.

சொன்னேன். நோட்டில் எழுதாமல் விட்ட பக்கத்தைப் பற்றி முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவள் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்டா" என்றாள்.

"எது அக்கா?"

"அந்தப் பக்கம். புத்தகம் எங்க வீட்லதானே பாதி நாள் இருக்கும். டிக்‌ஷனரி வச்சுப் படிச்சேன். அந்த ஒரு பக்கத்துக்கு நாலு நாள் ஆச்சு."

"அப்புறம் ஏன் எனக்கு மனு எழுதிக்கிட்டே இருந்தீங்க?"

"நீதானே நடுவர். கேட்டாத்தானே நீ குடுப்பன்னு." சிரித்தாள். "ஒரு நாள் நீ குடுத்துருவன்னு நினைச்சேன்."

"அன்னிக்கு உங்கப்பாகிட்டயாவது நீங்க அதைக் காட்டியிருக்கலாமே அக்கா."

"காட்டினேனே. நீ மோர் குடிச்சிட்டு புத்தகத்தை அங்கயே வச்சிட்டுப் போயிட்ட. எடுத்து அந்த வரியில விரலை வச்சுக் காட்டினேன். 'இங்கிலீஷ் படிக்கிற பையனே இல்லைன்னுட்டான், உனக்கு என்ன தெரியும்'னார்."

பரிமாறுகிறவர்கள் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார்கள். என் இலையில் சோறு விழுந்தது. நான் கை வைக்காமல் இருந்தேன். அக்கா வாளி வைத்திருந்தவரைக் கை காட்டி நிறுத்தினாள்.

"தம்பிக்கு சாம்பார் ஊத்துப்பா. சோறு காயுது பாரு."

நான் சோற்றில் குழி பறித்தேன்.